கச்சிதமான .45 காலிபர் கைத்துப்பாக்கியை வாங்குமுன் மதிப்பிடுவது எப்படி

அமெரிக்காவில் வீட்டுத் தற்காப்புக்கும் சுடுதளப் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்களில் பலர், .45 ஏசிபி என்னும், ஏறத்தாழ 0.45 அங்குல விட்டமுள்ள தோட்டாவைச் சுடும் கச்சிதமான அரைத்தானியங்கிப் பிஸ்டல்களை விரும்பிப் பார்க்கிறார்கள். பெரிய தோட்டா, சிறிய உடல் என்ற இந்தச் சேர்க்கைக்குக் கவர்ச்சி உண்டு. ஆயினும், ஜான் பிரௌனிங் உருவாக்கிய அந்தத் தோட்டா, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, 5 அங்குலக் குழலும் ஏறத்தாழ 1.1 கிலோ எடையும் கொண்ட பிஸ்டலோடு சேர்ந்து வளர்ந்தது. அதே தோட்டாவை 1985இல் வந்த கோல்ட் ஆபீசர்ஸ் ஏசிபி 3.5 அங்குலக் குழலில் சுட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் க்ளாக் 30இன் குழல் 3.8 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. எச்கே45 காம்பாக்டின் குழல் 3.94 அங்குலம். குழலையும் எடையையும் குறைத்ததற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம், அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதைக் கண்டறிவதே மதிப்பீடு.

முதலில் ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை காண வேண்டும். கச்சிதமான பிஸ்டல், ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவர்களுக்காகச் சிறியதாக்கப்பட்டது. வீட்டுப் பெட்டகத்திலிருந்து சுடுதளத்துக்கும் அங்கிருந்து பெட்டகத்துக்கும் மட்டுமே போய்வரும் துப்பாக்கிக்கு அந்தச் சிறுமையால் பெரிய பயன் இல்லை; அதன் குறைகள் மட்டும் முழுமையாக வந்து சேரும். ஆகவே, உரிமத்தோடு உடன் எடுத்துச் செல்லும் எண்ணம் இல்லாதவர்கள் க்ளாக் 21 போன்ற முழு அளவுத் துப்பாக்கியையும் அதே நாளில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே முறை என்பது என் உறுதியான கருத்து.

துப்பாக்கியைக் கையில் எடுக்குமுன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இது மிகவும் முக்கியம். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரக்கூடும் என்பதால், நண்பர்களின் சொல்லை நம்பிப் போகாமல் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவது அவசியம். கிரீன் கார்டு பெற்றவர்களும் குடிமக்களும் உரிமம் பெற்ற வணிகரிடம் 4473 என்னும் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே வாங்க முடியும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் வேறுபடுகின்றன: கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும், மாநிலம் ஒப்புதல் அளித்த பட்டியலில் உள்ள கைத்துப்பாக்கிகளைத்தான் வணிகர் பொதுவாக விற்கலாம், நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன் அனுமதி வேண்டும், இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மாநிலம் தரும் ஃபாய்டு அட்டை வேண்டும்.

கடையில் மேசைக்கு முன் நிற்கும்போதே பாதி மதிப்பீட்டை முடித்துவிடலாம். விற்பனையாளர் காலி என்று காட்டித் தந்தாலும், மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் ஓடும் பாகத்தை) பின்னிழுத்துப் பூட்டி, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் நீங்களே பார்க்க வேண்டும். குழல் எப்போதும் ஆபத்தில்லாத திசையை நோக்கி இருக்கட்டும். விரல் ட்ரிகருக்கு வெளியே, துப்பாக்கிச் சட்டத்தின் (உடற்பகுதியின்) பக்கவாட்டில் நீண்டு கிடக்கட்டும். பிறகு பிடியைக் கவனியுங்கள். நீளம் குறைந்த துப்பாக்கி கைக்கும் சிறியதாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். க்ளாக் 30இன் மேகசினில் பத்துத் தடித்த தோட்டாக்கள் இரட்டை வரிசையில் அடுக்கப்படுவதால், அதன் பிடி உயரத்தில் குட்டையாகவும் சுற்றளவில் பருத்தும் இருக்கிறது. சிறிய கை உடையவருக்குச் சுண்டுவிரல் தொங்கும். ஆள்காட்டி விரலும் ட்ரிகரை முழுமையாக எட்டாது. விரலின் முதல் கணுவுக்கு முந்திய சதைப்பகுதி ட்ரிகரின் முகத்தில் நேராகப் படிகிறதா, அப்போது மணிக்கட்டும் முன்கையும் குழலும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். விரலை எட்டச் செய்வதற்காகப் பிடியைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி உங்களுக்கானதன்று. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இது முழுமையாகச் சரியாகாது.

ஸ்லைடை இழுப்பது அடுத்த சோதனை. உடல் சிறுத்தால் ஸ்லைடின் எடையும் அது ஓடும் தூரமும் குறைகின்றன. அதை ஈடுகட்ட, ஸ்லைடைத் திருப்பி முன்னே தள்ளும் மீள்விசை ஸ்பிரிங் கடினமாக்கப்படுகிறது. வீட்டில் இத்துப்பாக்கியைப் பயன்படுத்தக்கூடிய ஒவ்வொருவரும், வியர்த்த கையோடும் ஸ்லைடை முழுமையாகப் பின்னிழுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மேகசின் விடுவிப்புப் பொத்தான், ஸ்லைடு பூட்டு ஆகியவற்றைப் பிடியை அதிகம் மாற்றாமல் கட்டைவிரலால் எட்ட முடிய வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லது. எச்கே45 காம்பாக்டில் இருபுறமும் இயக்கும் வசதி உண்டு. ட்ரிகரின் தன்மையும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். க்ளாக்கில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இழுவைதான். சுத்தியல் கொண்ட இருநிலைத் துப்பாக்கிகளில் முதல் இழுவை நீண்டு கனமாகவும் அடுத்தவை குறுகி இலேசாகவும் இருக்கும். முதல் தோட்டா இலக்குக்கு விலகிப் போவது பெரும்பாலும் இந்த மாற்றத்தால்தான். பிரித்துத் துடைக்கும் முறையையும் அப்போதே கேட்டறியுங்கள். க்ளாக்கைப் பிரிக்க ட்ரிகரை இழுத்தாக வேண்டும். அறையில் ஒரு தோட்டா மறந்து கிடந்தால் அந்த இழுவையே விபத்தாகிவிடும்.

இனி சுடுதளம். பெரும்பாலான சுடுதளங்களில் வாடகைத் துப்பாக்கிகள் கிடைக்கும். சொந்தமாக வாங்குவதற்கு முன் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. உள்ளரங்கில் .45இன் ஓசை 150 டெசிபெலுக்கும் மேல் போகும் என்பதால், காதுக்குள் வைக்கும் அடைப்பானோடு அதன்மேல் காதுக்கவசத்தையும் அணிவது நல்லது, கண்ணாடி கட்டாயம். 230 கிரெய்ன் (ஏறத்தாழ 15 கிராம்) எடையுள்ள முழு உலோக உறைத் தோட்டாக்களை இரண்டு மூன்று பெட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். 9 மி.மீ. தோட்டாவோடு ஒப்பிட்டால் இதன் உந்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். முழு அளவுத் துப்பாக்கியைவிட இலேசான உடலில் அது கையைச் சற்று வன்மையாகவே உதைக்கும். அழுத்தம் குறைந்த தோட்டா என்பதால் (.45 ஏசிபிக்கு வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மி.மீ.க்கு 35,000), அந்த உதைப்பு வெடுக்கென்று குத்துவதைவிட அழுத்தித் தள்ளுவதாகவே பலருக்குத் தோன்றும்.

ஏழு கெஜத்தில் தொடங்கி, அவசரமின்றி ஐந்து தோட்டாக்களைச் சுடுங்கள். அவை எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு 15 கெஜத்துக்குச் செல்லுங்கள். பிறகு மணல் மூட்டையில் கையைத் தாங்கி அதே ஐந்தைச் சுட்டால், சிதறல் துப்பாக்கியால் வருகிறதா உங்களால் வருகிறதா என்பது தெரிந்துவிடும். குட்டையான துப்பாக்கியில், குறிபார்க்க ஸ்லைடின் மேல் உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு. அதே அளவு குறிப்பிழை இலக்கில் பெரிய விலகலாகத் தெரியும். தாங்கிச் சுடும்போது நெருக்கமாகவும் கையில் பிடித்துச் சுடும்போது பரவலாகவும் விழுந்தால் துப்பாக்கியைக் குறை சொல்வதில் பொருளில்லை.

எல்லாச் சோதனைகளிலும் நான் பெரிதாக மதிப்பது இரண்டாவது தோட்டாவை. சுடுதள விதி அனுமதித்தால், ஏழு கெஜத்தில் ஓர் அஞ்சலட்டை அளவுள்ள தாளில் இரண்டிரண்டாகச் சுடுங்கள். விரைந்து சுட அனுமதி இல்லாத இடத்தில், முதல் தோட்டாவுக்குப் பின் முன்குறி தானாகத் திரும்பி வருகிறதா, நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பதையாவது கவனியுங்கள். அதே வேலையை அன்றைக்கே ஒரு 9 மி.மீ. துப்பாக்கியிலும் செய்து ஒப்பிட வேண்டும். .45இல் இரண்டாவது தோட்டா தாளை விட்டு வெளியே போய், 9 மி.மீ.இல் உள்ளேயே விழுந்தால், .45 போடும் துளையின் விட்டம் பெரியது, ஆகவே அதுவே சிறந்தது என்ற வழக்கமான வாதம் உங்களைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. ஐம்பதாவது தோட்டாவுக்குப் பிறகும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். கை சோர்ந்த நிலையில், ஓசை வருமுன்னே கண்ணை மூடுவதும் பிடியைக் கீழே தள்ளுவதும் தொடங்கும். அப்படி ஆகிறதென்றால் இத்துப்பாக்கியோடு பயிற்சியை நீங்கள் விரைவில் கைவிடுவீர்கள்; .45 தோட்டாவின் விலையும் 9 மி.மீ.ஐவிடக் கணிசமாகக் கூடுதல் என்பதால் அந்தச் சாத்தியம் இரட்டிக்கிறது.

வாங்கிய பிறகு நம்பகத்தன்மையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். குட்டையான ஸ்லைடு விரைந்து பின்சென்று விரைந்து திரும்புவதால், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உரிய கணத்தில் உயர்த்த மிகக் குறுகிய நேரமே கிடைக்கிறது. 1911 (அந்த ஆண்டில் ராணுவம் ஏற்ற பிஸ்டல்) வகையின் மிகக் குட்டையான வடிவங்கள் தோட்டா ஊட்டுவதில் நுணுக்கம் பார்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒவ்வொரு மேகசினுக்கும் எண் எழுதி வைத்து, தடை ஏற்படும்போதெல்லாம் எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தகைய தடை என்று குறித்து வாருங்கள். தடை எப்போதும் ஒரே மேகசினில் வந்தால் அதை மாற்றினால் போதும். எல்லாவற்றிலும் வந்தால் துப்பாக்கியிலோ உங்கள் பிடியிலோ குறை இருக்கிறது. இலேசான உடலை மணிக்கட்டு தளர்ந்து பிடித்தால் ஸ்லைடுக்கு எதிர்த்தாங்கல் கிடைக்காமல் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியேறும் வாயிலில் சிக்கும். அனுபவமுள்ள வேறொருவரைச் சுடச் சொன்னால் எது காரணம் என்பது தெளிவாகும். சாதாரணத் தோட்டாக்கள் இருநூறும், தற்காப்புக்கு வைக்கப்போகும் தோட்டாக்கள் ஐம்பதுக்குக் குறையாமலும் தடையின்றி ஓடும்வரை அதை நம்பியிருக்கக் கூடாது என்பது துப்பாக்கி பழகியோரிடையே பரவலாக உள்ள வழக்கம். நானும் அதையே பரிந்துரைக்கிறேன்.

தற்காப்புத் தோட்டா என்பது உடலில் பட்டதும் விரியும் குழிமுனைத் தோட்டா. அது விரிவதற்குக் குறிப்பிட்ட வேகம் வேண்டும். 5 அங்குலக் குழலில் நொடிக்கு 830 முதல் 850 அடி வேகத்தில் செல்லும் 230 கிரெய்ன் தோட்டா, குட்டைக் குழலில் அதைவிடத் தாழ்ந்த வேகத்திலேயே வெளிவருகிறது. எனவே ஸ்பியர் கோல்ட் டாட் வரிசையில் உள்ளதுபோல, குட்டைக் குழலுக்கென்றே வடிவமைத்த தோட்டாவைத் தேர்வது பொருத்தம். உடல் திசுவுக்கு ஈடாகப் பயன்படுத்தும் சோதனை ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது எஃப்பிஐ வகுத்த அளவுகோல். ஒரு தோட்டாவின் சோதனை முடிவைப் படிக்கும்போது, அது எந்த நீளக் குழலில் சுடப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

வீட்டை மதிப்பிடாமல் துப்பாக்கி மதிப்பீடு நிறைவடையாது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகைகளால் ஆனவை; எந்தத் தற்காப்புக் கைத்துப்பாக்கித் தோட்டாவும், .45 உட்பட, அவற்றைத் துளைத்து அடுத்த அறைக்குச் செல்லும். படுக்கையறைக் கதவை நோக்கினால் அதற்குப் பின்னால் யாருடைய கட்டில் இருக்கிறது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து அறிந்திருக்க வேண்டும். இருளில் ஆளை அடையாளம் காணாமல் சுடுவது கூடாது என்பதால் கைவிளக்கு இன்றியமையாதது. துப்பாக்கிச் சட்டத்தின் அடியில் விளக்குப் பொருத்தும் தடம் இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். ஆயினும் எதிரே நிற்பவர் யாரென்று பார்ப்பதற்குக் கையில் தனி விளக்கு வேண்டும், ஏனெனில் துப்பாக்கி விளக்கு எங்கே திரும்பினாலும் குழலும் அங்கேயே திரும்புகிறது.

குழந்தைகள் உள்ள வீட்டில், கைரேகையாலோ பொத்தான் குறியீட்டாலோ விரைந்து திறக்கும், சுவரிலோ கட்டில் சட்டத்திலோ திருகிப் பொருத்திய பெட்டகம் துப்பாக்கிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வணிகர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டையோ பாதுகாப்புச் சாதனத்தையோ தர வேண்டும்; ஆனால் அந்தக் கம்பிப் பூட்டு மட்டுமே போதும் என்று இருந்துவிடக் கூடாது. வீட்டில் எவரேனும் மனச்சோர்வில் ஆழ்ந்திருக்கும் காலத்தில் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே, சட்டப்படி நம்பகமானவரிடமோ அந்தச் சேவை தரும் கடையிலோ ஒப்படைத்து வைப்பதே சரி. அந்த வசதி எங்கே இருக்கிறது என்பதையும் வாங்குமுன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் இரண்டு குறிப்புகள் போதும். குட்டைத் துப்பாக்கியின் மீள்விசை ஸ்பிரிங் முழு அளவுத் துப்பாக்கியைவிட விரைவில் தளரும் என்பதால், கையேட்டில் தயாரிப்பாளர் தந்திருக்கும் எண்ணிக்கையை மதித்து மாற்ற வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் இந்த ஸ்பிரிங்கின் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். சுடுதளத்திலிருந்து திரும்பியதும் ஈயத்தூளை நீக்கச் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கையையும் முகத்தையும் கழுவி, உடையை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்குங்கள்.