ஹாலிமீடாவைக் கத்தரிப்பது எப்படி? முதலில் வெள்ளையைக் கவனியுங்கள்

உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கிற சுண்ணாம்புப் பாசிகளில், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஹாலிமீடாதான். குட்டிச் சப்பாத்திக்கள்ளி மாதிரி, பச்சை வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்துக்கொண்டே போகும். வில்லைகளுக்குள் கால்சியம் கார்பனேட் படிந்திருப்பதால் தொட்டால் விறைப்பாக இருக்கும். கத்தரிப்பது சுலபம். ஆனால் வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் நோய் என்று நினைத்து வெட்டித் தள்ளுபவர்கள்தான் அதிகம்.

1. கத்தரியை எடுக்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), ஆல்கலினிட்டி (தண்ணீரில் உள்ள கார்பனேட் இருப்பு) 8–11 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1250–1350 பிபிஎம். இந்த அளவுகளுக்குள் இருந்தால் போதும். வாரம் ஒன்றை மட்டும்தான் சோதிக்க முடியும் என்றால் ஆல்கலினிட்டியைப் பாருங்கள். சுண்ணாம்பு படியும்போது ஆல்கலினிட்டி 1 டிகேஎச் இறங்கினால், கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் இறங்கும். அதனால் குறைபாடு முதலில் தெரிவது ஆல்கலினிட்டியில்தான். குறைந்திருந்தால் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள், நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் வேண்டாம். கால்சியம் கரைசலையும் ஆல்கலினிட்டி கரைசலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றவும் கூடாது. இரண்டும் சேர்ந்து தண்ணீரிலேயே வெள்ளைப் பொடியாகிவிடும், பாசிக்கு எதுவும் கிடைக்காது.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்ஜியமாக்க முயலாதீர்கள். இதுவும் தாவரம் மாதிரிதான், அதற்கும் சாப்பாடு வேண்டும். அதே சமயம், நைட்ரேட்டைக் குறைப்பதற்காகவே ஹாலிமீடா வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் உலர்ந்த எடையில் பெரும்பகுதி சுண்ணாம்பு. கைநிறைய வெட்டி எடுத்தாலும் வெளியேறும் நைட்ரஜன் கொஞ்சம்தான். அந்த வேலைக்கு நூல் மாதிரி வளரும் கீட்டோமார்ஃபா பாசி இருக்கிறது.

2. எந்த வெள்ளை என்று பாருங்கள்

நுனியில் மட்டும் வெளுத்த வில்லை தெரிகிறதா? அது புதுத் தளிர். ஹாலிமீடாவின் புது வில்லைகள் இரவில் வெள்ளையாகவே முளைக்கும், பிறகுதான் பச்சையம் உள்ளே வந்து சேரும். அதைத் தொடாதீர்கள்.

அடியில் சில வில்லைகள் மட்டும் வெளுத்திருந்தால் அவை வயதானவை, அல்லது மேலே அடர்ந்த கிளைகளின் நிழலில் வெளிச்சம் கிடைக்காமல் போனவை. அவசரமில்லை. நீங்கள் வெட்டாவிட்டாலும் அவை உதிர்ந்து மணலோடு சேரும். வெப்பக் கடல்களில் பல இடங்களில் மணலில் கணிசமான பங்கு இப்படி உதிர்ந்த ஹாலிமீடா வில்லைகள்தான்.

ஒரு கிளை முழுவதும் வெளிறி, ஓரங்களில் கரும்பச்சைப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் கதையே வேறு. பாசி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. தன்னுள் இருப்பதை எல்லாம் அந்தப் புள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, பெரும்பாலும் விடியும் நேரத்தில் பச்சைப் புகையாக வெளியே விட்டுவிட்டு இறந்துபோகும். அதைத் திருப்ப வழியில்லை. புள்ளி தெரிந்த உடனே அந்தக் கிளையை மொத்தமாக எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே பச்சையாகிவிட்டதா? ஸ்கிம்மரை (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) ஓடவிட்டு, தண்ணீரை வடிகட்டும் கார்பன் கரியைப் புதிதாகப் போட்டு, காற்றோட்டத்தைக் கூட்டி, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். சின்னத் தொட்டி என்றால் ஆக்சிஜன் குறையலாம், மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

3. கணுவில் வெட்டுங்கள்

சரி, இப்போது கத்தரி. சோப்பு வாடை இல்லாத சுத்தமான கை, கூர்மையான சின்னக் கத்தரி, பக்கத்தில் ஒரு வலை. அலை பம்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் துண்டுகள் தொட்டி முழுக்கப் பறக்கும்.

இரண்டு வில்லைகளுக்கு நடுவில் சுண்ணாம்பு படியாத மெல்லிய கணு இருக்கும். வெட்டவேண்டியது அங்கேதான். காரணம் இருக்கிறது: இத்தனை கிளைகள் இருந்தாலும் ஹாலிமீடாவின் உடல் செல் சுவர்களால் பிரிக்கப்படாத ஒரே குழாய் அமைப்பு. வில்லையின் நடுவில் வெட்டினால் காயம் பெரிது, உள்ளே இருக்கும் சாறு அதிகம் கசியும். கணுவில் வெட்டினால் காயம் சீக்கிரம் அடைபட்டுவிடும். பவளத்தை உரசும் கிளைகளை முதலில் எடுங்கள், அப்புறம் அடிக்கு நிழல் போடுபவற்றை. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

ஆம்ஃபிரோவா போன்ற சிவப்புச் சுண்ணாம்புப் பாசிகளுக்கும் இதே முறைதான், மூட்டுப் பார்த்து வெட்டுங்கள்.

4. துண்டுகளை என்ன செய்வது

மிதப்பவற்றை வலையிலும், மணலில் விழுந்தவற்றைக் குழாயாலும் எடுத்துவிட்டு பம்பைப் போடுங்கள். ஒன்றிரண்டு நாள் கார்பன் ஓடட்டும்.

ஆரோக்கியமான, நாலைந்து வில்லைகள் உள்ள துண்டை வீணாக்க வேண்டாம். பாறையில் படரும் வகை என்றால் கல்லிடுக்கில் செருகி வையுங்கள், நாளடைவில் வேர் போன்ற இழைகள் விட்டுப் பற்றிக்கொள்ளும். மணலில் நிற்கும் வகைக்கு அடியில் மணலைக் கவ்விய கிழங்கு மாதிரி ஒரு பிடி இருக்கும். இடம் மாற்ற நினைத்தால் இழுக்காமல், அந்த மணல் உருண்டையோடு தோண்டி எடுத்து, புது இடத்தில் முழுதாகப் புதையுங்கள்.