பழைய கை டிரில்லில் ஒரு தேன் எந்திரம்

ரப்பர் ரோலர், பம்ப் செட் எல்லாம் சரிசெய்கிற பட்டறை எனக்கு, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். மாமா நாலு தேன்பெட்டி வைத்திருக்கிறார். மாசியில் ரப்பர் தளிர்த்துவிட்டால் ஈக்குக் கொண்டாட்டம். அந்தத் தேன் பூவில் இல்லை, மூன்று இலையும் கூடுகிற காம்பு நுனியில் சுரப்பது. அடையைப் பிழியாமல் தேனை மட்டும் எடுக்க ஏதாவது செய்து தா என்றார்.

பெட்டிக்குள் ஈ அடை கட்டுகிற மரச்சட்டத்தை அப்படியே வேகமாகச் சுற்றினால் தேன் மட்டும் வெளியே தெறிக்கும். அதற்குப் பழைய சீலிங் ஃபேன் மோட்டாரைக் கவிழ்த்து மாட்டினேன். சுற்றிய வேகத்தில் அடை சட்டத்தை விட்டுப் பிய்ந்து அண்டாவில் கூழாய்க் கிடந்தது. "மக்களே, தேனெடுக்கச் சொன்னா மாவாட்டி வச்சிருக்கியே" என்றார் மாமா. நம்மூர் ஈயின் அடை பிஞ்சு. கையால் சுற்றுவதுதான் சரி.

மூலையில் துருப்பிடித்துக் கிடந்த கை டிரில் அப்போதுதான் கண்ணில் பட்டது. பல் சக்கரம் அதிலேயே இருக்கிறதே!

15 அங்குல அகலமாவது உள்ள எவர்சில்வர் அண்டா எடுங்கள். 6 மி.மீ. எஸ்.எஸ். (எவர்சில்வர்) கம்பியில் பக்கத்துக்கு 9 அங்குலமாகச் சதுரக் கூண்டு, நாலு பக்கமும் எஸ்.எஸ். வலை. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை மலிவுதான், ஆனால் தேனின் புளிப்பு துத்தநாகத்தை அரித்துவிடும். நடுத்தண்டு 12 மி.மீ.; மேல் நுனியை 8 மி.மீ.க்குக் கடைந்து டிரில் சக்கில் (பிட் மாட்டுகிற வாய்) பிடியுங்கள். கீழ் நுனியைக் கூராக்கி, அண்டாவுக்குள் குறுக்கே இறுக்கிய உலோகப் பட்டையில் ஒரு குழி போட்டு உட்காரவையுங்கள். கூண்டுக்கும் அடித்தட்டுக்கும் 4 அங்குலம் இடைவெளி. கீழே பால் பேரிங்கும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம், தேனே எண்ணெய். மேலே அண்டா வாயில் குறுக்கே போட்ட தாங்கியில், தண்டு சுற்ற நைலான் புஷ் (வளையம்).

டிரில் பல்லுக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அதுவும் தேனில் விழக்கூடாது. சக்குக்குக் கீழே தண்டில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கோர்த்துவிட்டேன். சொட்டு அதில் நின்றுவிடும்.

புழு இருக்கும் சட்டத்தைத் தொடாதீர்கள், பெட்டியின் மேலறையில் தேன் இருக்கும் சட்டம் மட்டும். சுடுதண்ணீரில் முக்கித் துடைத்த கத்தியால் மெழுகு மூடியைச் சீவுங்கள். கூண்டில் எதிரெதிரே ஒரே கனமுள்ள சட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் அண்டா நடக்க ஆரம்பிக்கும். முதல் பக்கம் பாதி, திருப்பி மறுபக்கம் முழுசாக, பிறகு மறுபடி முதல் பக்கம். அண்டாச் சுவரில் மழை மாதிரி கேட்கிற சடசடப்பு ஓய்ந்ததும் கையை எடுத்துவிடலாம்.