கழிவுநீர்க் கான்கிரீட்டில் அமிலம்: கிரேடை ஏற்றினால் மட்டும் போதாது

கழிவுநீர்க் குழாய் என்றதும் தண்ணீர் ஓடும் அடிப்பக்கம்தான் அரிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தவறே அதுதான். அதிகம் அரிப்பது தண்ணீர் தொடாத மேல்பக்கம். நீருக்கடியில் படிந்த வழவழப்பான படலத்தில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா சல்பேட்டை சல்பைடாக்க, அது அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மேலே கிளம்பி ஈரமான கூரையில் கரைகிறது, அங்கே குடியிருக்கும் இன்னொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1945-லேயே இந்த பாக்டீரியாவைப் பற்றி எழுதிவிட்டார். புது கான்கிரீட்டின் பிஎச் 12, 13 இருக்கும். இங்கே மேற்பரப்பில் அது 1, 2 வரை இறங்கும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் வெள்ளையாக, ஈரச் சுண்ணாம்பு மாதிரி வழண்டு வரும். அது ஜிப்சம், அதற்குள் பலமே கிடையாது.

அடுத்த தவறு, சல்பேட் எதிர்ப்பு சிமென்ட் போட்டாச்சு, கவலையில்லை என்பது. சல்பேட் வேறு, அமிலம் வேறு. நாம் வழக்கமாகப் போடும் போர்ட்லண்ட் சிமென்ட் எந்த வகையானாலும் அதன் பிணைப்பில் இருப்பது கால்சியம், அமிலம் கரைப்பதும் அதைத்தான். கிரேடை, அதாவது கான்கிரீட்டின் பலத் தரத்தை, ஏற்றி அடர்த்தியாகப் போட்டால் அரிப்பு கொஞ்சம் மெதுவாகும், நிற்காது.

ஜல்லியில்தான் ஆச்சரியம். அமிலத்தில் கரையாது என்று கருங்கல் ஜல்லியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமிலம் நடுவில் இருக்கும் சிமென்ட் பசையை மட்டும் தின்ன, ஜல்லி முழுசாகப் பெயர்ந்து விழுகிறது. சுண்ணாம்புக்கல் ஜல்லி என்றால் தானும் கரைந்து அமிலத்தைச் செலவழிக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். ஆனால் பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் சுரக்கும் இடத்துக்குத்தான் இது பொருந்தும். தொழிற்சாலை அமிலக் கழிவு நேராக வந்து கொட்டும் தொட்டியில் இதை நம்பாதீர்கள்.

அலுமினியம் அதிகமுள்ள தனி வகையான கால்சியம் அலுமினேட் சிமென்ட்டை அமில வாளியில் முக்கி மட்டும் சோதித்துவிட்டு ஒதுக்குவதும் சரியல்ல. அதிலுள்ள அலுமினியம் பாக்டீரியாவின் வேகத்தையே குறைக்கும், பாக்டீரியாவே இல்லாத வாளியில் அது எப்படித் தெரியும்?

அமிலம் கான்கிரீட்டைத் தொடாமலிருக்க எபாக்ஸி என்ற பிசின் பூச்சு அடிப்பவர்கள் பழைய வெள்ளைப் பசையை முழுக்கக் கழுவாமல், ஈரத்தோடு, அவசரமாக அடிப்பார்கள். ஊசிமுனைத் துளை ஒன்று போதும், அமிலம் பின்னால் இறங்கிப் பூச்சை உரித்துவிடும். கழுவிய பிறகு பிஎச் தாளை ஒட்டிப் பார்த்து, இன்னும் அமிலம் காட்டினால் மறுபடி கழுவுங்கள், அப்புறம் பூச்சை அடியுங்கள்.

வடிவமைப்பையும் விட்டுவிடக் கூடாது. சரிவு குறைந்தால் நீர் தேங்கி சல்பைடு கூடும், மேன்ஹோலில் உயரத்திலிருந்து விழுந்தால் அந்த வாயு பெருமளவு வெளியேறும். அரிப்பைத் தேடிப் போகும்போது அப்படி நீர் விழும் மேன்ஹோலிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்; உள்ளே இறங்கும் முன் வாயு அளவைப் பாருங்கள், ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும்.