ஊரடங்கில் வீட்டுக்குள் அடி விழுந்தால்: வேலூரில் போன் அழைப்பு முதல் பாதுகாப்பு ஆணை வரை

ஊரடங்கு வந்தால் பஸ் நிற்கும், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாள் நிற்கும், அம்மா வீட்டுக்குப் போகும் வழியும் அடைபடும். அடிக்கிறவர் மட்டும் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருஷமும் இதைப் பார்த்தோம். அப்போதும் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. அதன்கீழ் 2006-ல் வந்த விதிகளில் 9-வது விதியை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவசர நிலையில் நம்பத்தகுந்த ஒரு போன் தகவல் வந்தாலே, இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் போலீஸ் துணையோடு சம்பவ இடத்துக்கு வந்து அறிக்கை பதிந்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் வைக்க வேண்டும். அதனால் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை என்றாலும் வழி இருக்கிறது.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமானதல்ல. மகன் அடிக்கும் தாய், அண்ணன் துரத்தும் தங்கை, தாலி கட்டாமல் குடும்பம் நடத்தும் பெண் எல்லோரும் மனு போடலாம். கைநீட்டுவது மட்டும் வன்முறை அல்ல. விருப்பமில்லாத உடலுறவு, வாய்க்கூசும் பேச்சு, சாப்பாட்டுக்குக் காசு தராமல் இருப்பது, உங்கள் நகையைக் கேட்காமல் அடகு வைப்பது ஆகியவையும் இதில் அடங்கும். வேலை போன வீடுகளில் முதலில் போவது பெண்ணின் நகைதான். அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

படி 1: இப்போதே ஆபத்து என்றால்

112-க்குப் போன் செய்யுங்கள். எடுத்தவுடன் அழுகையை அடக்கி, தெரு, பக்கத்துக் கோயிலோ ரேஷன் கடையோ ஒரு அடையாளம், தாலுகா, இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். லைன் பாதியில் போனாலும் ஆள் வந்து சேர இது உதவும். காயம் என்றால் 108. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேச வேண்டும், தங்க இடம் வேண்டும் என்றால் 181. இது பெண்களுக்கான 24 மணி நேர உதவி எண். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கவும் இந்த எண்ணிலேயே கேட்கலாம்.

நீங்களே பேச முடியாத நேரத்துக்காக, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல்லைச் சொல்லி வையுங்கள். அது அன்றாடம் நீங்கள் பேசாத சொல்லாக இருக்கட்டும். "உளுந்து இருக்கா" என்று வைத்தால் அவர் நிஜமாகவே உளுந்தைக் கொண்டுவந்து நிற்பார். வீட்டில் கருப்பட்டியே வாங்காதவர், மதில் மேலிருந்து "அக்கா, கருப்பட்டி இருக்கா?" என்றால் அது 112-க்கு அழைப்பதற்கான அடையாளம். அக்கம்பக்கத்தார் பயப்பட வேண்டாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மீது வழக்கு வராது என்று சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது.

படி 2: போன்

வீட்டில் ஒரே போன் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை மட்டும் அழியுங்கள். மொத்தத்தையும் அழித்தால் சந்தேகம் வரும். வாட்ஸ்அப் அமைப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டரோ போனோ இருந்தால், உங்கள் செய்திகளை வேறொருவர் படிக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்தோ, பால், ரேஷன் வாங்கப் போகும் நேரத்திலோ பேசுங்கள்.

படி 3: ஆதாரம்

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "குடித்துவிட்டுக் கொடுமைப்படுத்துகிறார்" என்று எழுதினால் மறுப்பது சுலபம். "12-ம் தேதி இரவு 9 மணி இருக்கும், சமையலறையில் வைத்து, தோசைத் திருப்பியால் இடது முழங்கையில் இரண்டு முறை அடித்தார், மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்" என்று எழுதினால் எளிதில் மறுக்க முடியாது. தேதி, நேரம், இடம், பொருள், எந்தப் பக்கம், யார் பார்த்தது. நினைவிருக்கும்போதே பிள்ளையின் பழைய நோட்டில், கணக்குப் பாடத்துக்கு நடுவில் எழுதி வையுங்கள்.

காயத்தைப் படம் எடுக்கும்போது முகமும் காயமும் சேர்ந்து ஒரு படம், பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்து நெருக்கமாக ஒரு படம். ரத்தக்கட்டு அடித்த அன்று லேசாகத்தான் தெரியும், இரண்டாம் மூன்றாம் நாளில் கருக்கும். அந்த நாட்களிலும் எடுங்கள். நம்பிக்கையானவருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'ஆவணம்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த தேதி விவரமும் போய்விடும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ தாலுகா மருத்துவமனையோ, டாக்டரிடம் "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். பின்னால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். யார் அடித்தார், எந்தப் பொருளால் அடித்தார் என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, அந்த ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ரெக்ஸின் பையில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தினமும் போடும் மாத்திரை, ஒரு செட் துணி ஆகியவற்றை வைத்து, பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

படி 4: அறிக்கை

சட்டத்தின் கதவைத் திறக்க எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. முதலில் உதவுவது குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை. அலுவலகத்தில் டி.ஐ.ஆர். என்பார்கள். இதை எழுதுபவர் பாதுகாப்பு அலுவலர். சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள சமூக நல அலுவலகத்தில் அவரைக் கேளுங்கள். 181-ல் சொன்னாலும் தொடர்பு கிடைக்கும்.

போன் செய்யும்போது தாலுகாவைச் சொல்ல மறக்காதீர்கள். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. பழக்கத்தில் "வேலூர்" என்று சொன்னால் தகவல் வேறு அலுவலகத்துக்குப் போய் ஒரு நாள் வீணாகும்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். "சமாதானமா போங்கம்மா" என்று பேசி அனுப்பி வைப்பது நடக்கிறது. சமரசத்துக்கு நீங்கள் சம்மதித்தாலும், "இனி புகார் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதும் படித்து, நகல் கேளுங்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால், எந்த நிலையத்துக்குப் போகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

காய்ச்சல், இருமல் இருந்தால் தங்க இடம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். மறைத்துப் போய் வாசலில் தெரியவந்தால் இருட்டில் அலைய நேரிடும். வீட்டுத் தனிமையில் இருக்கச் சொன்னால், காய்ச்சல் பார்க்க வரும் சுகாதார செவிலியரிடம் "வீட்டில் எனக்குப் பாதுகாப்பு இல்லை, சிகிச்சை மையத்தில் சேருங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

படி 5: மாஜிஸ்திரேட்

வக்கீலுக்குப் பணமில்லையே என்று நிற்க வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போனில் என்றால் 15100. புகுந்த வீடு வேறு ஊரில் இருந்தாலும் கவலையில்லை. ஊரடங்கில் குடியாத்தத்தில் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டவர், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு போடலாம் என்கிறது 27-வது பிரிவு.

மனுவோடு பிரமாணப் பத்திரமும் வைத்து, 23-வது பிரிவில் இடைக்கால ஆணை, அதாவது வழக்கு முடியும் வரைக்கான ஆணை, கேட்கச் சொல்லுங்கள். பலர் முதன்மை மனுவை மட்டும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள். இடைக்கால ஆணையை, தேவையென்றால், எதிர்த்தரப்பு வருமுன்பே தரலாம். முதல் விசாரணை சாதாரணமாக மனு கிடைத்த 3 நாளுக்குள் வர வேண்டும். கேட்க வேண்டியவை: அடிக்கவோ நெருங்கவோ கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, நகையையும் வங்கிக் கணக்கையும் தொடக் கூடாது, மாதச் செலவுக்குப் பணம், பிள்ளைகள் உங்களிடம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீடு என்றால் அங்கே தங்கும் உரிமை கேட்கலாம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் இதைத் தெளிவாக்கியது.

படி 6: ஆணை வந்த பிறகு

ஆணையின் நகல் உங்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும். உங்கள் பிரதியை மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒன்று ரெக்ஸின் பையில், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று எப்போதும் கையில். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அது ஜாமீனில் வர முடியாத குற்றம். வாசலில் வந்து நின்று கத்தினாலும், ஆணையில் நெருங்கக் கூடாது என்று இருந்தால் அது மீறல்தான். கதவைத் திறக்காமல் 112-ஐ அழைத்து, ஆணையின் தேதியையும் வழக்கு எண்ணையும் படியுங்கள்.