பூனைக்குட்டிக்குக் கண்ணில் பீளை தள்ளினால்

பாம்பன், மண்டபம் பக்கம் பூனைக்குட்டிக்குக் கண் சிவந்தால், கடற்காற்றில் மணல் விழுந்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம். முதலில் ஒரு கண், சில நாளில் மறு கண் என்று இமையின் உட்பக்கம் வீங்கிப் பீளை தள்ளி, தும்மலும் இருந்தால் கிளமிடியா கிருமியாக இருக்கலாம். சொட்டு மருந்து மட்டும் போதாது. கிருமி கண்ணோடு நிற்பதில்லை. கால்நடை மருத்துவர் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் தருவார்: எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 4 வாரம். கண் தெளிந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும். மாத்திரை தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும். அதனால் உடனே 5 மில்லி தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாகப் புகட்டுங்கள். பாலோடு வேண்டாம், மருந்து சரியாகச் சேராது. வீட்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சிகிச்சை. நமக்கு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டைப் பூனையின் கண்ணில் ஊற்றவே ஊற்றாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் பார்வையே போய்விடும்.