தடிமனான லினக்ஸ் கையேட்டைப் படிக்கும் முறை

ஆயிரம் பக்கக் கையேட்டை வாங்கும் முன் பதிப்பாண்டைப் பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகை 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து, கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய புத்தகங்களில் ரன்லெவல், இனிட் ஸ்கிரிப்ட் என்ற பழைய தொடக்க முறை பற்றிய அத்தியாயங்கள் இன்று பெரும்பாலும் உதவாது. நெட்வொர்க் பகுதி முழுக்க 'இஃப்கான்ஃபிக்' என்றே போனால் அதுவும் பழசு. இப்போது 'ஐபி' கட்டளைதான். கோப்பு அனுமதி, ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் பைப் பற்றிய பக்கங்கள் மட்டும் எத்தனை பழசானாலும் செல்லுபடியாகும்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கவே வேண்டாம். அனுமதிகள், பேக்கேஜ் நிறுவுதல், லாக் (நிகழ்வுப் பதிவு) பார்ப்பது மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மற்றதைத் தேவைப்படும்போது புரட்டலாம். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்து டெபியனை நிறுவுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கு முன்பும் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட். முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருக்கும்போது தப்பாக ஏதாவது அழிந்துபோனாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். தைரியமாகச் சோதித்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது, லினக்ஸிலேயே இருக்கும் விளக்கங்களான மேன் பக்கங்களின் பிரிவு எண்களில். கையேட்டில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்ட உதவும் 'க்ரான்டேப்' என்ற சொல்லை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 5 என்றிருக்கும். அதைக் கவனிக்காமல் 'மேன் க்ரான்டேப்' என்று அடித்தால் 1-ஆம் பிரிவு திறக்கும். அதில் கட்டளையை இயக்கும் விதம் மட்டுமே இருக்கும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டங்களை நிரப்பும் விதம் 5-ஆம் பிரிவில் இருக்கிறது. எண்ணை நடுவில் போட்டு 'மேன் 5 க்ரான்டேப்' என்று அடியுங்கள். நிர்வாகக் கட்டளைகளுக்கு 8-ஆம் பிரிவு.