நரம்பு மாற்று அறுவைக்குப் பிறகு இ.எம்.ஜி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுத்தருகே நரம்பு அறுந்து முழங்கையை மடக்க முடியாமல் போனவருக்கு, கைக்குப் போகும் அல்நார் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் மேற்கைத் தசையான பைசெப்ஸின் நரம்புக் கிளையில் தைப்பார்கள். 1994-இல் ஓபெர்லின் விவரித்த முறை இது. சில மாதம் கழித்து இ.எம்.ஜி. சோதனைக்காக, அதாவது தசையின் மின்சைகையை ஒலியாகவும் அலையாகவும் காட்டும் சோதனைக்காக, பைசெப்ஸில் ஊசியைச் செருகி, “கையை மடக்குங்க” என்கிறார் மருத்துவர். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. அறுவை தோற்றுவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

ஊசியை எடுக்காமல், “முஷ்டியை இறுக்கிப் பிடிங்க” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். பட் பட்டென்று பொரியும் ஒலி கேட்கலாம். பைசெப்ஸுக்குள் நுழைந்த நரம்பு இன்னும் பழைய கட்டளைக்குத்தான் பழகியிருக்கிறது. விலா நரம்பை இணைத்திருந்தால் மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்ல வேண்டும். தோளுக்கு அக்செசரி நரம்பை (தோளை உயர்த்தும் தசைக்குப் போகும் நரம்பு) மாற்றியிருந்தால் தோளைக் குலுக்கச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இதைத் தவறவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எந்த நரம்பை எங்கே, எப்போது இணைத்தார்கள் என்ற அறுவைக் குறிப்பு இல்லாமல் சோதனைக்குப் போகவே போகாதீர்கள். பிசியோதெரபியிலும் இதே சூட்சுமம்தான்: முஷ்டியை இறுக்கிக்கொண்டே மடக்கப் பழக வேண்டும்.

அடுத்தது அவசரம். நரம்பு வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தையலிலிருந்து தசை வரை 9 செ.மீ. என்றால் அந்தத் தூரத்துக்கே மூன்று மாதம். வளர ஆரம்பிக்கும் முன் வரும் சில வாரத் தாமதம் தனி. ஆறாவது வாரத்தில் சோதித்துவிட்டு மனம் உடைந்துபோவதில் அர்த்தமில்லை. காயம்பட்ட புதிதில் செய்யும் சோதனையோ எதிர்ப்பக்கம் ஏமாற்றும்: அறுந்த இடத்துக்குக் கீழே நரம்பு முதல் சில நாள் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். ஊசிச் சோதனையில் சேதம் தெளிவாகத் தெரிய 3 வாரம்வரை ஆகலாம்.

‘ஃபிப்ரிலேஷன் இருக்கிறது’ என்ற ஒரு வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னும் நரம்பு எட்டாத தசையிழைகளின் முணுமுணுப்பு அது. புது நரம்பு வந்துசேரும் காலத்திலும் கூடவே இருக்கும். அதே மாதிரி, முதல் சின்னஞ்சிறு அலைகள் தெரிந்ததும் பயிற்சியைத் தளர்த்திவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அசைவு வர அதற்கப்புறமும் வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். சோதனை நாளன்று கையில் கிரீம் தடவாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பே சொல்லுங்கள். ஏ.சி. அறையில் கை சில்லிட்டிருந்தால் சூடுபடுத்தச் சொல்லிக் கேளுங்கள். குளிர்ந்த கையில் நல்ல நரம்பும் மந்தமாகத்தான் கடத்தும்.